மனை எண் பதினேழு

சங்கிலி இழுத்த காலம் போய்விட்டது.
முக்காலியில் நிற்கிற கருவி
கண் சிமிட்டாமல் கடலைப் பார்த்து
ஓதக்கோடு இதுதான் என்கிறது.
கடல் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ராஜாக்கமங்கலம் துறைக்குக் கிழக்கே,
இராவணன்மீசை உருளும் மணல்மேட்டில்
நாற்பத்திரண்டு வீட்டுக்கு மனை பிரிக்க வந்தேன்.
மாசி மாதம். சுண்ணாம்புப்பொடி இரண்டு மூட்டை.
அடம்பங்கொடி கோட்டுக்கு அந்தப்பக்கமும் பூத்திருந்தது,
இந்தப்பக்கமும்.

பதினேழாம் மனை டெல்பினுக்கு.
அலை வந்த காலையில் கைக்குழந்தையோடு ஓடியவள்.
அந்தக் குழந்தை இப்போது நாகர்கோவிலில்
கொரியர் வண்டி ஓட்டுகிறது.
நடுவில் ஏழு வாடகைவீடு.
ஏழாவது வெள்ளிச்சந்தையில்,
மாதம் மூவாயிரத்து ஐநூறு.
"குறையொண்ணுமில்ல சாரே.
கடலு கேக்காது, அதனால உறக்கம் வராது."

அவள் மனையின் கன்னிமூலையில்
டிராக்டர் டயர் பதிந்ததுபோல் ஒரு தடம்
ஏறி, வளைந்து, திரும்பிப் போயிருந்தது.
"ஆமையாக்கும்" என்றான் செயின்மேன் தாணுமாலயன்.
வனத்துறைப் பையன் முழங்கைவரை கையை விட்டு
எண்ணி முடித்தான்: நூற்றுப் பதினொன்று.
வாஸ்து பார்த்து வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல
டெல்பினும் சிரித்தாள், கடைசியாக.

திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம்.
திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஆய்வாளர்
விசிறித்தொண்டை ஓணானின் படம் காட்டினார்.
தாடைக்கடியில் நீலம், கறுப்பு, ஒரு துளி செம்மை.
இந்த மேட்டை விட்டால் அதற்குப் போக்கிடமில்லை,
வீட்டை மூன்று மாடியாக அடுக்குங்கள் என்றார்.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இன்னாசி எழுந்தார்.
"எஞ்சினை மூணாம் மாடிக்கு யாரு சுமக்கது?
வலை எங்க காயும்? நெத்திலி எங்க காயும்?
ஓணானுக்குத் தரை வேணுமெண்ணா
எங்களுக்கும் தரை வேணும்."
யாரும் கைதட்டவில்லை. அது சரியாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து டெல்பின்:
"அண்ணைக்கு இந்த மேட்டுக்குப் பின்னால ஓடினவங்கதான்
இங்க இருக்கோம்.
இதையும் வெட்டி நிரப்பாக்கினா
அடுத்த தடவை எங்க ஓட?"
அதற்கும் யாரும் கைதட்டவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
மேற்கே அரைக் கிலோமீட்டரில்
கடல் பார்த்த வில்லாக்கள் ஒன்பது நிற்கின்றன.
அவற்றுக்கும் கோடு போட்டவன் நான்தான்.
அன்றைக்குக் கருவி வேறு.
ஓதக்கோடும் வேறு.

கிழிந்த வலையைக் கொண்டுவந்து
நாலு சவுக்குக்கம்பில் கட்டினாள் டெல்பின்.
"நாயி தோண்டாம இருக்கட்டு."
ஆமைமேல் பாசமெல்லாம் கிடையாது.
தன் மனையில் இன்னொருவர்
அனுமதியின்றித் தோண்டுவது பிடிக்கவில்லை, அவ்வளவே.
நாற்பத்தெட்டு நாள் வேலை நின்றது.
ஒப்பந்தக்காரர் வட்டியைச் சொல்லி எண்ணினார்,
அவள் வாடகையைச் சொல்லி.

சித்திரையில் ஓரிரவு மணல் கொதிப்பதுபோல் அசைந்தது.
ஒவ்வொன்றும் தீப்பெட்டியளவுகூட இல்லை.
பாதி வில்லா விளக்கைப் பார்த்துத் திரும்பின.
கொரியர்ப் பையன் வண்டியில் போய்க்
காவலாளியிடம் கெஞ்சினான், திட்டினான்,
என்ன கொடுத்தானோ, ஒன்பதும் அணைந்தன.
இருட்டில் எத்தனை தண்ணீர் சேர்ந்தன,
எத்தனை நண்டுக்குப் போயின,
என் அளவுப் புத்தகத்தில் அதற்குக் கட்டமில்லை.

புதிய வரைபடத்தில் முப்பத்தாறு மனை.
முன்வரிசை போயிற்று, மேடு தப்பியது,
தப்பியது என்றால், இந்தப் படத்தில்.
மீதி ஆறு பேருக்கு ரோட்டுக்கு வடக்கே,
குளத்துப் புறம்போக்கில்,
இரண்டு துறை கையெழுத்திடாத கோப்பில் வீடு.
ஆறில் ஒருத்தி டெல்பின்.

ரசீதில் ஒப்பமிட்டபடி கேட்டாள்:
"அங்க கடலு கேக்குமா, சாரே?"

அதை அளக்கும் கருவி அலுவலகத்தில் இல்லை.
அன்று ராத்திரி போய் நின்று பார்த்தேன்,
குளத்தில் தவளைகள் அடங்கும்வரை.

கேட்கிறது.
காற்று தெற்கிலிருந்து வந்தால்.